துடைக்கக் கூடாத கிரீஸ்

நார்பர்ட் ஸீல்கேயின் ஷெட்டில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று இரும்பு, எட்டு சிலிண்டர், மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் நான்கு குளிர்காலம் தூங்கியது. இன்னொன்று அட்டை. புது பிரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டி, ஒட்டி, இரும்பு எஞ்சினின் அதே நீள அகலத்தில் அவரே செய்தது. மாதம் ஒருமுறையாவது அந்த அட்டை எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து, காரின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு அளப்பார். அளந்ததைச் சுவரில் பென்சிலால் எழுதுவார். பிறகு பானெட்டை மெதுவாக மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்.

ஸ்டெட்ஸ்பர்க் ஊரில் திட்டம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தொடங்குவதில்தான் தகராறு. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பண்ணைகளுக்குப் போய்ப் பால் டேங்கர் ஓட்டியவர். விஸ்கான்சின் பனியில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்று பெயர். மாடு காத்திருக்காது, அதனால் போனார். ஷெட்டில் இருந்த கார் காத்திருந்தது. மனைவி லவானும் காத்திருந்தாள். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு உலகத்தில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

கார் 1957 ஷெவர்லே. நாலு கதவு, மேலே வெள்ளை, கீழே வெளிர் பச்சை. லவானின் அப்பா ரைன்ஹோல்ட் லெம்கே புதிதாக வாங்கியது. பால் பண்ணைக்காரர், மணிக்கு நாற்பத்தைந்து மைலுக்கு மேல் போனால் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பியவர். பனி உருகச் சாலையில் உப்பு தூவத் தொடங்கும் நாளில் காரை உள்ளே வைத்தால், வசந்த மழை இரண்டு முறை கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பார். அதனால் ஊரிலுள்ள அந்த வயதுக் கார்களெல்லாம் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்து போக, இது மட்டும் அப்படியே நின்றது. பெயின்ட் அதே பெயின்ட். ஓட்டுநர் பக்க ஜன்னல் விளிம்பில் மட்டும் ரைன்ஹோல்டின் முழங்கை தேய்த்துத் தேய்த்து அடிச்சாயம் தெரியும். அந்த இடத்தை நார்பர்ட் பாலீஷ்கூடப் போடமாட்டார்.

கோடைதோறும் பழைய கார் கண்காட்சிகளில் 'பிறந்தபடியே இருப்பவை' என்ற பிரிவில் அந்தக் காருக்கு முப்பது வருஷமாகக் கோப்பை வந்துகொண்டிருந்தது. அந்தப் பிரிவுக்கு நடுவர் புட்ச் வோயான். இரும்புக் கடை வைத்திருப்பவர், நார்பர்ட்டின் பள்ளிக்காலத்து நண்பர், குச்சியில் கட்டிய கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு காரின் அடிவயிறு வரை பார்க்கிற ஆள். ஒரு தடவை நார்பர்ட் எஞ்சின் பக்கவாட்டில் அடையடையாகப் படிந்திருந்த கறுத்த கிரீஸைத் துடைக்கப் போனபோது புட்ச் பதறிவிட்டார்.

"டேய், கையை எடு! அது அறுபது வருஷத்து அழுக்குடா. எஞ்சினை யார் வேணா பளபளன்னு ஆக்கலாம். இந்த மாதிரி அழுக்கை எவனாலயும் செய்ய முடியாது. துடைச்சே, கையை ஒடிச்சிருவேன்."

அன்றிலிருந்து அந்தக் கிரீஸ் துடைக்கப்படவில்லை. எஞ்சினின் மற்ற பாகங்களில் தூசி தட்டுவார். அந்தப் பக்கம் வந்ததும் துணி தானாக மேலே எழும்பிவிடும்.

இதெல்லாம் சரி. கார் யாருடையது என்று கேட்டால் லவானுடையது. ரைன்ஹோல்ட் மகள் பெயருக்குத்தான் எழுதிவைத்தார். அவள் கார் ஓட்டப் பழகியதே அதில்தான். ஈஸ்டருக்குத் தேவாலயத்துக்கும் ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்துக்கும் அவள்தான் ஓட்டுவாள், நார்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்து கையசைப்பார். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் சிமென்ட் தரையில் நின்ற கால். இடது முழங்கால் போயிற்று. டாக்டர்கள் அறுத்து உலோக மூட்டு வைத்தார்கள். நடக்க முடிந்தது, மாடி ஏற முடிந்தது, அந்தக் காரின் கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. ரைன்ஹோல்ட் காலத்துக் கிளட்ச், மாட்டின் வயிற்றை மிதிக்கிற மாதிரி அழுத்த வேண்டும். முயன்ற இரண்டாவது நாள் தீவன ஆலை முனையில் கார் தவளை மாதிரி எகிறி நின்றுவிட்டது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். லவான் இறங்கி, சாவியைக் கணவர் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் சுற்றிப் போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலையே நார்பர்ட் வாக்குக் கொடுத்தார். தானியங்கி கியர் போட்டுத் தருகிறேன், கிளட்ச்சே இருக்காது, வலது காலே போதும். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் மூச்சு வாங்குகிறது, எண்ணெய் குடிக்கிறது, அதோடு தானியங்கி கியரைச் சேர்த்தால் மேடு ஏறாது, ஆகவே எஞ்சினையும் சேர்த்து மாற்றிவிடலாம். ஆனால் எதையும் வெட்டக் கூடாது, பற்றவைக்கக் கூடாது, புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடக் கூடாது. கழற்றியதை எறியக் கூடாது. நாளைக்கு இந்தக் கார் யார் கைக்குப் போனாலும் அவர்கள் விரும்பினால் பழையபடி மாட்டிக்கொள்ள முடிய வேண்டும். இந்தக் கார்க்காரர்களின் தர்மம் அது.

வாக்குக் கொடுத்து ஐந்து வருஷம் ஆயிற்று. எஞ்சின் வாங்கியாயிற்று, கியர்பெட்டி வாங்கியாயிற்று, அட்டை எஞ்சின் செய்தாயிற்று. பானெட்டைத் திறந்து அந்தப் பழைய ஆறு சிலிண்டரைப் பார்க்கும்போதெல்லாம் நார்பர்ட்டுக்குக் கை வராது. தொழிற்சாலையில் எவனோ முடுக்கிய போல்ட், அதற்குப் பிறகு ஸ்பேனர் படாத போல்ட். மாமனார் விட்டுப்போன உயிர் அதில் துடிப்பதாக அவருக்கு நினைப்பு. அதைப் பிடுங்கி வெளியே போட்டால் திரும்ப மாட்டலாம்தான், ஆனால் 'கழற்றவே படாதது' என்பது போனது போனதுதான்.

போன கோடையில் லவான் ஒரு முடிவு சொன்னாள். "இனிமே அந்த வண்டியில ஏறினா ஸ்டியரிங் பக்கம்தான் ஏறுவேன். அதுவரைக்கும் நீ மட்டும் போயிட்டு வா."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தார். கண்காட்சி நாளன்று அவள் வாசலில் நின்று சாண்ட்விச் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நார்பர்ட் பழக்கத்தில் மடக்கு நாற்காலி இரண்டையும் டிக்கியில் வைத்திருந்தார். மைதானத்தில் இரண்டையும் விரித்தார். நாள் முழுக்க ஒன்று காலியாக இருந்தது. அந்தத் தடவையும் கோப்பை கிடைத்தது. அதைக் காலி நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வரும்வரை அவருக்கு மனசே சரியில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் ஊரே மீன் வறுவலுக்கு ஏரிக்கரை விடுதியில் கூடும். புட்ச் இவர்கள் மேஜைக்குத் தன் பிராந்தியோடு வந்து உட்கார்ந்தார்.

"என்னடா நார்ப், உன் அட்டை எஞ்சின் எப்படி ஓடுது? மைலேஜ் என்ன கொடுக்குது?"

நார்பர்ட் வாயைத் திறப்பதற்குள் லவான், "பிரமாதமா ஓடுது புட்ச். பெட்ரோலே கேக்கறதில்ல" என்றாள்.

"சிரிக்காதே லவான். அவன் யோசிக்கிறான்னா அதுல அர்த்தம் இருக்கு. ஒரு பொருள் ஒருதடவைதான் ஒரிஜினல். கழட்டிட்டா அவ்ளோதான்."

லவான் எலுமிச்சையை மீன்மேல் பிழிந்துகொண்டே சொன்னாள். "என் முழங்கால்கூட ஒரிஜினலாத்தான் இருந்துச்சு. அதையே மாத்திட்டாங்க. வானம் இடிஞ்சு விழல."

புட்ச் சிரித்துவிட்டு வழக்கமான கதைக்குத் தாவினார். பிராந்தி இரண்டாவது கிளாஸ் வந்தால் அந்தக் கதை வந்துவிடும். "இவ இப்ப வாய் பேசறா. பதினேழு வயசுல இதே வண்டியில டபுள் டி ரோட்டுல என்கூட ரேஸ் வந்தா பாரு. பாதியிலே பயந்துபோய் ஓரங்கட்டிட்டா. கல்குவாரி வளைவு தாண்டித் திரும்பிப் பாத்தா ஆளையே காணோம்!"

அந்தக் கதைக்கு லவான் எப்போதும் பதில் சொன்னதில்லை. மீனின் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தாள்.

திரும்பி வரும்போது பிக்கப் லாரியில் முழங்கால் சங்கதி நார்பர்ட்டின் நெஞ்சில் தைத்துக்கொண்டே வந்தது. சிரிப்பாகத்தான் சொன்னாள், ஆனால் சிரித்தது புட்ச் மட்டும்தான்.

மறுநாள் காலை, கடைசியாக ஒருமுறை அளந்துவிட்டு ஆரம்பித்துவிடுவது என்று ஷெட்டுக்குப் போனார். எஞ்சினின் வலது பக்கம் சரியாக அளந்ததே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இடிக்கும். அதைக் கழற்ற வேண்டும் என்றால் அதைச் சுற்றிப் படிந்த கிரீஸைச் சுரண்ட வேண்டும். புட்ச்சின் கிரீஸ்! நார்பர்ட் ஒரு காலி காப்பி டின்னை எடுத்துக்கொண்டார். சுரண்டுவதை எறியாமல் அதில் போட்டுவைக்கலாம், அழுக்கும் அடுத்தவருக்குச் சேர வேண்டியதுதானே. பைத்தியத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

தட்டையான கத்தியால் மெல்ல மெல்ல எடுத்தார். ஸ்டார்ட்டர் வெளியே வந்தது. அதன் பின்னால் இரும்பில் வார்த்த எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. எஞ்சின் வார்க்கப்பட்ட தேதி. மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு எண், கடைசியில் வருஷத்தின் கடைசி இலக்கம். டார்ச்சை அருகே கொண்டுபோனார். துணியால் துடைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கடைசி இலக்கம் சுழியம்.

1950 ஆக இருக்க முடியாது, அப்போதைய எஞ்சினின் அமைப்பே வேறு. 1960. மார்ச் 1960. கார் தொழிற்சாலையை விட்டு வந்தது 1957 பிப்ரவரியில். பிள்ளை பிறந்து மூன்று வருஷம் கழித்து அதற்கு இதயம் செய்திருக்கிறார்கள்.

நார்பர்ட் கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். இந்த எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் எத்தனை பேரிடம் பேசியிருப்பார்! 'தொழிற்சாலைக்காரன் தொட்டது, அப்புறம் யாரும் தொடல' என்று சொல்லும்போது கூட்டத்தில் தொப்பியைக் கழற்றியவர்கள்கூட உண்டு. ரைன்ஹோல்டை யாராவது ஏமாற்றியிருப்பார்களோ? நாற்பத்தைந்து மைல் தாண்டாத மனிதரின் எஞ்சின் எப்படிப் போகும்?

கதவு கிரீச்சிட்டது. லவான் காப்பிக் குவளையோடு காலை இழுத்து இழுத்து வந்தாள். மேஜைமேல் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்த்தாள். காப்பி டின்னைப் பார்த்தாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். குவளையைக் கீழே வைத்தாள்.

"பாத்துட்டியா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அதைத் தூக்கி உள்ளே வெச்சதே நான்தானே."

லவான் ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். 1969 ஆகஸ்ட். டபுள் டி ரோடு. புட்ச் சொல்கிற அதே ரேஸ்.

"பயந்து ஓரங்கட்டினேனாம். நான் முன்னாடி போயிட்டிருந்தேன்ப்பா. ரெண்டு வண்டி தூரம் முன்னாடி. ரெண்டாவது கியர்லயே வெச்சு அழுத்தினேன். டமார்னு ஒரு சத்தம். உள்ள இருந்த பிஸ்டன் கம்பி எஞ்சினைக் குத்திக் கிழிச்சிட்டு வெளிய வந்துருச்சு. ரோடெல்லாம் எண்ணெய். புட்ச் என்னைத் தாண்டிப் போனான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சோளக்காட்டுப் பக்கம் உருட்டி விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நடந்தே வீட்டுக்குப் போனேன். அப்பா மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டிருந்தார். சொன்னேன். திட்டல. டிராக்டர் எடுத்துட்டு வந்து கட்டி இழுத்துட்டுப் போய் வைக்கோல் கொட்டகையில விட்டார். அம்மாகிட்ட 'வண்டியில வேலை இருக்கு'ன்னார், அவ்ளோதான். அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் அப்புறம் எந்த வண்டியும் தொட்டிருக்க முடியாது. என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னார். 'உடைச்சது நீ. மாத்தறதும் நீதான். நான் விளக்குப் பிடிக்கிறேன்.'"

அந்த இலையுதிர்காலம் முழுக்க, காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவே, அப்பா விளக்குப் பிடிக்க மகள் எஞ்சினைக் கழற்றியிருக்கிறாள். மானில் மோதிப் பள்ளத்தில் கவிழ்ந்த ஒரு காரிலிருந்து 1960 எஞ்சின். வைக்கோல் ஏற்றும் கப்பியையும் கயிற்றையும் உத்தரத்தில் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். லவான் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் தாமாகவே போல்ட் திருகின.

"எல்லாம் முடிஞ்சு பாத்தா எஞ்சின் பளிச்சுன்னு இருக்கு. நானே கழுவித் தொலைச்சிருந்தேன். அம்மா பானெட்டைத் திறந்தா கண்டுபிடிச்சிருவாளேன்னு பயம். அப்பாதான் யோசனை சொன்னார். பழைய கிரீஸ், கொட்டகைத் தூசி, காஞ்ச சாணிப் பொடி, எல்லாத்தையும் வாளியில கலக்கி ரெண்டு பேரும் கையாலயே அப்பினோம்."

நார்பர்ட் மெதுவாகத் திரும்பிக் காப்பி டின்னைப் பார்த்தார்.

"ஆமா. அதான் உன் ஒரிஜினல் கிரீஸ்" என்றாள் லவான். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "புட்ச் அதை டார்ச் அடிச்சுப் பாத்து ஆஹா ஓஹோங்கறப்ப, எனக்கு அந்த இடத்துல நிக்கவே முடியாது."

நார்பர்ட் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கே. கோப்பை வாங்கிட்டு வர்றப்பல்லாம் பாத்துட்டுச் சும்மா இருந்திருக்கே. உங்கப்பாவும்."

"முதல் கோப்பையோட நீ வந்தன்னிக்கு சொல்ல வாயெடுத்தேன். மேஜைக்கு அடியில அப்பா என் காலை மிதிச்சார். உன் மூஞ்சியில அவ்ளோ சந்தோஷம். அப்புறம் வருஷம் போயிருச்சு."

"இந்த அஞ்சு வருஷம்? நான் இதைக் கழட்ட முடியாம தவிச்சது உனக்குத் தெரியாதா?"

லவான் சிரிப்பை நிறுத்தினாள். குரல் உயரவில்லை, ஆனால் நார்பர்ட் அந்தக் குரலை அதிகம் கேட்டதில்லை.

"தெரியும். புட்ச்கிட்ட யோசனை கேட்டே. மில்வாக்கியில இருக்கற எவனோ ஒருத்தனுக்குப் போன் போட்டுக் கேட்டே. கம்ப்யூட்டர்ல மூஞ்சி தெரியாதவங்ககிட்டல்லாம் கேட்டே. கழட்டலாமா வேண்டாமான்னு என்கிட்ட ஒருநாள் கேட்டியா? வண்டி என்னோடது. அப்பா என்னோட அப்பா. கால் என்னோட கால். நீ வந்து என்கிட்ட உக்காந்து கேப்பேன்னுதான் நானும் இருந்தேன். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. லவான் எழுந்து, ஸ்டூலைப் பிடித்து நிதானித்து, வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று முழுக்க நார்பர்ட் ஷெட்டைவிட்டு வரவில்லை. கோபம் மத்தியானம் வரை இருந்தது. கோபம் தீர்ந்ததும் வந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சுவர் முழுக்கத் தன் பென்சில் எழுத்து. எத்தனை அளவு, எத்தனை கணக்கு! அதில் ஓரிடத்தில்கூட லவானின் பெயர் இல்லை. அவளுக்காகத்தான் எல்லாம் என்று அவர் சத்தியமாக நம்பியிருந்தார். ஆனால் அவர் காப்பாற்றியது அவளை அல்ல, ஓர் இரும்புத் துண்டை. அதையும் யாரிடமிருந்து காப்பாற்றினார்? அதை வைத்தவளிடமிருந்தே. பால் டேங்கரில் போகும்போது ஒரு பண்ணையையும் விட்டுவிடாதவர், தன் வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் சமையலறையில் அவள் எதிரே உட்கார்ந்தார். "கேக்கறேன். தாமதந்தான். எஞ்சினைக் கழட்டலாமா?"

"கழட்டலாம்."

நார்பர்ட் தொண்டையைக் கனைத்தார். "இல்ல, ராத்திரி யோசிச்சேன். அது நீ உன் கையால மாட்டினது. பதினேழு வயசுல. இப்பத்தான் எனக்கு அதைத் தொடவே மனசு வரல. வேணும்னா அதையே பழுது பாத்து…"

லவான் கரண்டியை மேஜையில் வைத்தாள். "அய்யோ கடவுளே! நார்ப், நீ இந்த ஜென்மத்துல திருந்தமாட்டே." எழுந்து கோட்டைக்கூட மாட்டாமல் ஷெட்டை நோக்கி நடந்தாள். நார்பர்ட் பின்னாலேயே ஓடினார்.

அவள் பானெட்டைத் திறந்தாள். சுவரிலிருந்த அளவுகளை ஒரு பார்வை பார்த்தாள். எஞ்சின் உட்கார்ந்திருந்த ரப்பர் மவுண்டிங்கை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"எங்கேருந்து அளந்தே?"

"எஞ்சின் மேல்பக்கத்துலேருந்து."

"இந்த ரப்பர் அமுங்கிப்போய்க் கிடக்கு. புது ரப்பர் போட்டா முக்கால் அங்குலம் மேல ஏறும். உன் அஞ்சு வருஷத்து அளவும் அந்த முக்கால் அங்குலம் தப்பு. புது எஞ்சினைப் போட்டுட்டு பானெட்டை மூடியிருந்தேன்னு வை, ஏர் கிளீனர் முட்டி அந்த அழகான தகடு பிதுங்கியிருக்கும். வண்டிச் சட்டத்துலேருந்து அளக்கணும். அப்பாவும் நானும் முதல்ல இதே தப்புதான் பண்ணோம்."

பிறகு ஸ்பேனரை எடுத்து, ஒரு கையால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மவுண்டிங் போல்ட்டில் மாட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். போல்ட் ஒரு முனகலோடு அசைந்தது.

"நான் போட்டதை நானே கழட்டறேன். நீ விளக்குப் பிடி."

நார்பர்ட் விளக்குப் பிடித்தார்.

அந்த வசந்தம் முழுக்க இருவரும் ஷெட்டில் கழித்தார்கள். லவான் ஸ்டூலில் உட்கார்ந்து எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலியை இழுப்பாள், நார்பர்ட் படுத்துக்கொண்டு கீழிருந்து வழிகாட்டுவார். சண்டைக்கும் குறைவில்லை. "மெதுவா, மெதுவா" என்று அவர் கத்த, "மெதுவா போறதுல உன்னை மிஞ்ச ஆளில்ல, இதையாவது நான் பாத்துக்கறேன்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். ஒன்றையும் வெட்டவில்லை, ஓர் ஓட்டை போடவில்லை. அட்டை எஞ்சின் அடுப்புக்குப் போயிற்று.

பழைய எஞ்சினைத் தாங்கியில் ஏற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு, கிளட்ச் மிதியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, போர்வை போர்த்தினார்கள். அடுத்து வருபவருக்காக அதில் ஓர் அட்டை கட்டித் தொங்கவிடுவது வழக்கம். 'வண்டியோடு பிறந்தது' என்று நார்பர்ட் எப்போதோ எழுதி வைத்திருந்தார். அதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார்: '1969-ல் இதை மாட்டியவர் லவான் லெம்கே. 2019-ல் கழற்றியவரும் அவரே.' லவான் படித்துவிட்டுப் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

ஜூன் மாதக் கண்காட்சி. மைதான வாசலில் புட்ச் பிரிவு அட்டைகளோடு நின்றிருந்தார். பழக்கத்தில் ஓட்டுநர் ஜன்னலில் குனிந்து, "வாடா நார்ப்" என்றவர் லவானைப் பார்த்துத் திகைத்தார். மறுபக்கத்தில் நார்பர்ட் சாண்ட்விச் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பிரிவு?" என்றார் புட்ச்.

"மாத்தினவை" என்றாள் லவான்.

"அப்ப நிஜமாவே கழட்டிட்டீங்க. அந்த ஒரிஜினல் எஞ்சினை."

நார்பர்ட் மனைவியைப் பார்த்தார். அவள் 'உன் இஷ்டம்' என்பதுபோலத் தோளைக் குலுக்கினாள். இந்த ஒரு விஷயத்தை மூடிவைத்தால் கோப்பைகள் இருக்கும், மரியாதை இருக்கும். கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி வந்து, புட்ச்சிடம் எல்லாவற்றையும் சொன்னார். சோளக்காடு, கொட்டகை, வாளி, சாணிப் பொடி, ஒன்று விடாமல்.

புட்ச் கையிலிருந்த அட்டைகள் இரண்டு கீழே விழுந்தன. "சாணியா? நான் டார்ச் அடிச்சது சாணியா?" பிறகு அதைவிடப் பெரிய விஷயம் உறைத்தது. "இரு இரு. அப்ப நீ பயந்து நிறுத்தலையா? நீ முன்னாடி இருக்கறப்பவா எஞ்சின் போச்சு?"

"ரெண்டு வண்டி முன்னாடி" என்றாள் லவான். "சந்தேகம் இருந்தா உன் வண்டியை எடுத்துட்டு டபுள் டி ரோட்டுக்கு வா. இந்தத் தடவை எட்டு சிலிண்டர்."

அன்றைக்கு அவர்களுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. இரண்டு மடக்கு நாற்காலியிலும் ஆள் இருந்தது.

மாலையில் திரும்பும்போது லவான் சுற்று வழியாக டபுள் டி ரோட்டுக்குத் திருப்பினாள். அன்று காலைக்கு முன் நார்பர்ட் அந்தக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. லவானின் முழங்கை அப்பா தேய்த்த அதே இடத்தில் கிடந்தது. இடது கால் ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. கல்குவாரி வளைவுக்கு முன்னால் சோளம் முழங்கால் உயரம் நின்றது. அவள் வேகத்தைக் குறைக்காமல் தலையை மட்டும் அந்தப் பக்கம் அசைத்தாள், இங்கேதான் என்று. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! நார்பர்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இது எத்தனை கோடைக்கு முன்பே அவளுக்குக் கிடைத்திருக்கும்.

"அஞ்சு வருஷம் வீணாக்கிட்டேன், லவான்" என்றார்.

இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பாரோ என்னவோ. அவள் சாலையைப் பார்த்தபடியே, "ஆமா, வீணாக்கிட்டே" என்றாள். வேகமானியின் முள் நாற்பத்தைந்தைத் தாண்டியது.

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "நாளைக்கும் நான்தான் ஓட்டுவேன். நீ வர்றியா?"

"வர்றேன்" என்றார் நார்பர்ட்.